படுகளமும் கடைசி எபிசோடும்

தொலைக்காட்சி நெடுந்தொடர்களைப் பற்றி இலக்கியப் பக்கமொன்றில் எழுதப் புகுவோர் முதலில் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். ‘வீட்டில் பார்க்கிறார்கள், காதில் விழுந்தது’ என்பது அவற்றுள் புகழ்பெற்றது. நாம் அதைச் சொல்லப்போவதில்லை. ஒரு கதை முடியும்போது ஊரே அழுகிறது என்றால் அந்த அழுகைக்கும் ஒரு வரலாறு இருக்கத்தான் செய்யும். யாரோடு அமர்ந்து அழுதார்கள் என்பதே அவ்வரலாற்றில் முதன்மையான செய்தி என்பது நம் துணிபு.

கடலூரிலிருந்து விருத்தாசலம் நோக்கிச் செல்லும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் முன்னதாக வருவது குள்ளஞ்சாவடி. சுற்றிலும் முந்திரிக் காடு. மேற்கே இன்னும் சற்றுப் போனால் நெய்வேலிச் சுரங்கங்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டமாகிய இந்நிலப்பகுதி திரௌபதியம்மன் வழிபாடு வேரூன்றிய நிலம். இப்பகுதிக் கோயில்களில் திருவிழா என்றால் பகலில் வில்லிபுத்தூராரின் பாரதத்தை வைத்துப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. நாள்கணக்கில் நீளும் இக்கதையை ‘நெடுந்தொடர்’ என்று சொன்னால் கூத்துக் கலைஞர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும். பாத்திரங்களின் மேல் ஊருக்குத் தனித்தனியே விருப்பும் வெறுப்பும் உண்டு.

அதன் கடைசிக் காட்சி படுகளம். கோயிலுக்கு முன்னுள்ள வெளியில் துரியோதனனை மண்ணால் பேருருவாக வடித்து மல்லாந்து கிடத்தியிருப்பார்கள். இரவெல்லாம் ஆடிய களைப்போடு பீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அந்த மண்ணுடலைச் சுற்றிவந்து பொருவார்கள். தொடையில் அடி விழும். உள்ளே வைத்திருந்த செந்நீர் பெருகும். சபையில் அவிழ்ந்த கூந்தல் அப்போதுதான் முடியப்படும். சில ஊர்களில் காந்தாரியின் ஒப்பாரியும் உண்டு. இத்தனை நாளும் துரியோதனனைச் சபித்த பெண்களே அந்த ஒப்பாரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வர். பிறகு அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவர், மாலையில் தீமிதி. முடிவு என்ன என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த முடிவுக்குத்தான் அந்த அழுகை. வில்லியாரும் தம் பாரதத்தைப் பதினெட்டாம் போரை ஒட்டியே பத்துப் பருவங்களில் நிறுத்திவிட்டார். கூந்தல் முடிந்தபின் கேட்பவருக்கு வேறென்ன வேண்டும்?

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்தில் இது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சித்திரைத் திருவிழாவில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர், மறுநாள் அவன் களப்பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளுடுத்தி அழுகின்றனர். பார்வையாளர் அங்கே கதைக்குள் ஒரு பாத்திரமாகவே புகுந்துவிடுகிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்பது இழப்பு. இளிவு என்பது பிறர் இகழ எளிமைப்படுதல். பாடம் நடத்தும்போது மாணவர்கள் இழவை உடனே பிடித்துக்கொள்வார்கள். இளிவுக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் நாம் சின்னத்திரைத் தொடரொன்றைச் சொல்லிவிடுகிறோம், வகுப்பு முழுதும் புரிந்துகொள்கிறது. நம் தொடர்களின் அழுகை பெரும்பாலும் சாவினால் வருவதன்று. ஒரு பெண்ணை அவள் புகுந்த வீட்டில், நாலு பேர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவதால் வருவது. திரௌபதியின் அழுகையும் அதுவே. (‘கோலங்கள்’ தொடரில் இயக்குநரே ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர் தொல்காப்பியன் என்பதைத் தமிழாசிரியர்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறோம்.)

கூத்துக்களத்திலிருந்து கதை அச்சுக்கு வந்தபோது அழுகை தனியறைக்குப் போயிற்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து முடிந்தபோது, கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டனர். கல்கி ஒரு முடிவுரையே எழுதி, இன்னாருக்குப் பிற்பாடு இன்னது நேர்ந்தது என்று கணக்குத் தீர்க்க வேண்டியதாயிற்று. கூத்தில் யாரும் இவ்வாறு கேட்டதில்லை. அங்கே முடிவு கோயிலுக்குரியது, ஆசிரியருக்குரியதன்று.

முடிவை மொத்தமாக மறுத்த நிகழ்வு வடக்கே நடந்தது. 1988 ஜூலை 31 அன்று ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ பட்டாபிஷேகத்தோடு நிறைவுற்றது. சீதை வால்மீகியின் ஆசிரமத்தில் வாழ்ந்த பிற்கதையையும் காட்ட வேண்டும் என்று, வால்மீகியைத் தம் முன்னோராகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தனர். அது வேறு நகரங்களுக்கும் பரவியது. பின்னர் உத்தர ராமாயணமும் தூர்தர்ஷனில் வந்தது. குப்பை அள்ளுவோர் கை ஓய்ந்தபோதுதான் கதையில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது அரசுக்கு உறைத்தது.

தமிழில் அன்றாடத் தொடரின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியதிலிருந்து வரும் பத்தாண்டுகள். ‘சித்தி’ 2001 நவம்பரில் முடிந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’, ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்னும் தகப்பனின் கதையாக எண்ணூறு பகுதிகளைக் கடந்து, 2005இல் நிறைவெய்தியது. அப்போது குள்ளஞ்சாவடி போன்ற ஊர்களில் எல்லார் வீட்டிலும் பெட்டி இல்லை. இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே கூடும். முந்திரி உடைக்கும் கை ஓயாது. கண் மட்டும் திரையில். தனத்துக்கும் சரோவுக்கும் நேர்வதைப் பார்த்து ஒருத்தி விசும்பினால், பக்கத்தில் இருப்பவளுக்கு அது யாருக்கான விசும்பல் என்று தெரியும். ‘அழாதடி, நாடகந்தானே’ என்று சொல்வாள். அந்தச் சொல்லில் இருக்கும் ஆறுதல் நாடகத்துக்கானதன்று.

அத்தொடர் முடிவதற்கு முன்னர்தான், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை கடலூர்க் கரையை அடித்துச் சென்றது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் என்று மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உண்மையான இழவு வாசலில் நிற்கையில் தொடருக்கு அழுவதா என்று கேட்பது எளிது. துக்க வீட்டுக்குப் போகும் பெண் தன் பழைய துக்கத்தையும் சேர்த்துத்தான் ஒப்பாரி வைக்கிறாள் என்பதை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார்.

2006 முதல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிற்று. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவை சென்றன. நல்ல திட்டம் என்றே சொல்வோம். பிறர் வீட்டு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்ததும், பெட்டிக்காரர் முகம் சுளித்ததும் ஒரு வகை இளிவுதான், அது ஒழிந்தது. ஆனால் தேவயானி நடித்த ‘கோலங்கள்’ ஆறாண்டுகள் ஓடி, 1533 பகுதிகளோடு 2009 டிசம்பர் 4 அன்று நிறைவுற்றபோது, அபிக்காக அழுதவர் அவரவர் வீட்டில் அழுதனர். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள் என்பது உண்மையே. எனினும் அது அழுது முடித்தபின் பேசிய பேச்சு.

அதே இயக்குநர் திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ தொடரைத் தொடங்கினார். மருமகள்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று, தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நெஞ்சடைத்து இறந்தார். நாள்தோறும் அவரைத் திட்டிய வீடுகள் அன்று துக்கம் காத்தன. காந்தாரியின் ஒப்பாரிக்குக் கண் துடைத்தவர்களின் பேத்திகளல்லவா! சில வாரங்களில் ‘குற்றப் பரம்பரை’ நாவலாசிரியர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். ஓர் எழுத்தாளரை ஊரெல்லாம் கண்டுகொள்ள வில்லன் வேடம் தேவைப்பட்டது என்பதில் நமக்குச் சற்றுக் கசப்புண்டு.

2024 ஜூனில் ‘எதிர்நீச்சல்’ முடிந்தபோது எழுந்த முறையீடு எழுபதாண்டுக்கு முன் கல்கிக்கு வந்த அதே முறையீடு: அவசரமாக முடித்துவிட்டீர்கள். இம்முறை முடிவுரை வரவில்லை. அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று இரண்டாம் பாகம் வந்தது. ஜனனியாக வேறொரு நடிகை. குணசேகரனாக அதே வேல ராமமூர்த்தி. குள்ளஞ்சாவடிப் பெண்கள் கைபேசியில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேருந்திலும் பார்க்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் கண்ணீர் தெரிகிறது, எந்தக் காட்சி என்று தெரிவதில்லை. ‘நாடகந்தானே’ என்று சொல்ல அவருக்கு வழியில்லை.