கியூபாவின் கொய்யா பஃப்ஸ்

சீமைமாதுளையைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கட்டியாக்கி, சீஸுடன் தின்பது ஸ்பெயினின் பழைய வழக்கம். கியூபாவில் அந்த இடத்தைக் கொய்யா பிடித்துக்கொண்டது. சர்க்கரைக்கு அங்கே அப்போது என்ன பஞ்சம்!

1959 புரட்சிக்குப் பின் மயாமிக்குப் போனவர்கள் தங்கள் பேக்கரி ருசியையும் கூடவே கொண்டுபோனார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தா? பெட்டி நிறைய 'பஸ்தெலீத்தோ' என்ற கொய்யா பஃப்ஸ் வந்துவிடும். செய்முறை சுலபம்தான்: பஃப்ஸ் மாவின் நடுவே கொய்யாக் கட்டி ஒரு துண்டு, கிரீம் சீஸ் ஒரு கரண்டி, மூடி, விளிம்பை முள்கரண்டியால் அழுத்தி, மேலே முட்டை தடவி அவனில் வைக்க வேண்டும். சூட்டோடு சர்க்கரைப் பாகு பூசினால் மேல்பக்கம் பளபளக்கும். நியூயார்க் மாநிலத்தில் 1870களில் உருவான கிரீம் சீஸின் லேசான புளிப்பு, கொய்யாவின் திகட்டலை அடக்கிவிடுகிறது.

மயாமியோடு கதை நிற்கவில்லை. கியூபாவில் வீட்டிலேயே கேக் செய்து விற்றுவந்த ரோசா போர்ட்டோ, 1976இல் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் பூலவார்டில் சின்னக் கடை ஒன்றைத் திறந்தார். அங்கும் கொய்யா-சீஸ் கூட்டணிக்கு மவுசு இருந்தது.