'யோசிக்காதேங்கோ' என்று சொல்வதற்கு முன்

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாயொருவரை வடமராட்சியில் சந்தித்தேன். கதைத்துக்கொண்டிருந்தவர் இடையில் முற்றத்தைப் பார்த்தபடி மௌனமாகிவிட்டார். "யோசிக்காதேங்கோ அம்மா" என்றேன்.

"நான் யோசிக்கேல்லை பிள்ளை. அவனை நினைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

யாழ்ப்பாணப் பேச்சில் 'யோசனை' சிந்தனையையும் குறிக்கும், கவலையையும் குறிக்கும். 'அவவுக்குச் சரியான யோசினை' என்றால், நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று விளங்கிக்கொள்வோம். பிற மொழிகளிலும் இது உண்டு. நமது 'சிந்தனை'யோடு ஒரே வேரிலிருந்து வந்த 'சிந்தா' இந்தியில் கவலையைக் குறிக்கும். சிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றால் அளவுக்கு மிஞ்சி யோசித்தல். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூலில் அச்சொல் இடம்பெற்றுள்ளது.

ஆனால் அமைதியாக எண்ணுவதற்குத் தமிழில் வேறு பல சொற்கள் உள்ளன.

உள்ளுதல்: நினைத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 'உள்ளம்' இதனோடு உறவுடையது.

ஓர்தல்: ஆராய்ந்து உணர்தல்.

இரைமீட்டல்: மாடு தின்றதை மீண்டும் மெல்வதுபோல, நடந்ததை மனதில் ஆறுதலாக மீட்டுப்பார்த்தல்.

சிந்தித்தல்: சைவ சித்தாந்தம் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்ற நான்கு படிகளில் இரண்டாவது. கேட்டதை மனதில் ஆராய்ந்தால்தான் தெளிவு வரும்.

சும்மா இருத்தல்: பேச்சில் வேலையின்றி இருப்பது. சைவ மரபிலோ மனம் அடங்கிய நிலை. கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் (1872–1964) வலியுறுத்தியது இதையே.

போர் 2009இல் முடிந்தது. எனினும் எங்கள் வீடுகளில் ஒருவர் மௌனமாக இருந்தாலே 'யோசிக்கிறார்' என்று பயப்படுகிறோம். பயத்துக்குக் காரணமும் உண்டு. நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, உயிர்வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆனால் எல்லா மௌனமும் நோயல்ல. பிள்ளையைத் தேடும் தாயிடம் 'யோசிக்காதேங்கோ' என்று சொல்வது, ஆறுதலாகச் சொன்னாலும், அவனை மறக்கச் சொல்வதாக அவருக்குக் கேட்கலாம். எனவே அன்று கேள்வியை மாற்றினேன்: "அவரைப் பற்றி என்ன நினைச்சனீங்கள் அம்மா?"

மகன் சைக்கிள் பழகிய நாளைப் பற்றி நெடுநேரம் சொன்னார்.