பழைய படங்களில் யாழ்ப்பாணம்

ஒரு நகரின் வரலாற்றை எழுதுவோர் முதலில் நாடுவது கட்டடங்களையும் ஏடுகளையுமே. யாழ்ப்பாணத்திலோ இரண்டும் பேரழிவைக் கண்டன. அதனால் அந்நகரின் பழைய புகைப்படங்களை நான் வரலாற்றுச் சான்றுகளாகவே மதிக்கிறேன்.

கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையை ஐங்கோண வடிவில் புதுப்பித்துக் கட்டினர். 1706 இல் அதனுள்ளே சிலுவை வடிவிலான தேவாலயமொன்றை எழுப்பினர். 1990 இல் கோட்டையைச் சூழ்ந்து நடைபெற்ற போரில் அத்தேவாலயம் இடிந்து போயிற்று. இன்று அங்கு செல்பவர் காண்பது இடிபாடுகளையே. அதன் முழுத் தோற்றத்தை அறியப் பழைய படங்களையே நாடவேண்டும்.

புகையிரத நிலையத்தின் கதையும் இத்தகையதே. 1956 இல் ஓடத் தொடங்கிய ‘யாழ் தேவி’ 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரிலேயே புகையிரதம் மீண்டும் யாழ் நகரை அடைந்தது. இடைப்பட்ட காலத்துப் படங்களில் தெரிவது கூரையற்ற நிலையமே.

1959 இல் திறக்கப்பட்ட பொது நூலகம் 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ நாளிதழின் பணிமனையும் எரிக்கப்பட்டது. பத்திரிகைப் பணிமனை ஒன்று எரிந்தால் எத்தகைய படங்கள் அதனோடு அழியும் என்பதை இத்தொழிலில் இருந்தோர் நன்கறிவர். பின்னர் நூலகம் மீளக் கட்டப்பட்டது. எரிந்த கட்டடத்தை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவைக்க வேண்டுமென்று வாதிட்டோரும் இருந்தனர். இன்றைய வெண்ணிறச் சுவர்கள் அந்த இரவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கருகிய சுவர்களைக் காட்டும் படங்களே சொல்கின்றன.

பொது இடங்களில் அழிந்தவை சில வேளைகளில் குடும்ப அல்பங்களில் தப்பியுள்ளன. இடம்பெயர்ந்தோர் எடுத்துச் சென்ற படங்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ளன. 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததை நினைவுகூர எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன் நின்று ஒரு குடும்பம் எடுத்த படமாக அது இருக்கலாம். எடுத்தவருக்கு முன்னே நிற்பவர்களே முக்கியம். நமக்கோ பின்னே தெரியும் வீதியும் கடைப் பலகையும் கூடச் சான்றுகள்.

அத்தகைய படம் உங்களிடம் இருப்பின், ஆண்டையும் இடத்தையும் நிற்பவர் பெயர்களையும் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பிரதியொன்றை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும்.