ஜப்பான்: நிலமும் வட்டாரப் பண்பாடுகளும்

ஜப்பான், ஆசியக் கண்டத்தின் கிழக்கு விளிம்பையொட்டி வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டம். ஹொக்கைடோ, ஹொன்ஷூ, ஷிகொக்கு, கியூஷூ ஆகியவை பெருந்தீவுகள். அவற்றுக்குத் தெற்கே தைவானை நோக்கி நீளும் தீவுச்சரத்தில் ஒகினாவா இருக்கிறது. 2023இல் வெளியான அரசுக் கணக்கின்படி மொத்தத் தீவுகள் 14,125. பரப்பு சுமார் 3,78,000 சதுர கி.மீ. அதில் முக்கால் பங்கு மலையும் குன்றுமாக இருப்பதால் மக்கள் கடலோரச் சமவெளிகளில் நெருங்கி வாழ்கிறார்கள். நிர்வாகத்துக்கு 47 மாகாணங்கள். பள்ளிப் புத்தகங்களிலும் பேச்சு வழக்கிலும் எட்டு வட்டாரங்கள். ஒரே இனம், ஒரே மொழி, ஒரே பண்பாடு என்று ஜப்பானைப் பற்றி உலகில் பரவியிருக்கும் எண்ணம், இந்த நிலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாலே நிற்பதில்லை.

பனிநாடு

ஹொன்ஷூ தீவின் நடுவே ஓடும் மலைத்தொடர் அதை இரண்டு காலநிலைகளாகப் பிரிக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது அங்குள்ள வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டத்திலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதியதும் அந்த ஈரம் முழுவதும் மேற்குச் சரிவில் வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. ஈரமிழந்த காற்றுதான் மலையைத் தாண்டி டோக்கியோ பக்கம் இறங்குகிறது. அதனால் ஜனவரியில் டோக்கியோவில் பளிச்சென்று வெயிலடிக்க, அதே நாளில் நீகாட்டா மாகாணத்தில் வீட்டுக் கூரையில் ஏறிப் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அம்மாகாணத்தின் தக்காடா நகரில் 1945 பிப்ரவரியில் தரையில் படிந்திருந்த பனியின் உயரம் 377 செ.மீ.

இப்பகுதியின் வாழ்க்கை முழுவதும் பனியை வைத்தே அமைந்தது. தக்காடாவில் கடைவீதி நெடுக வீடுகளின் முன்புறத் தாழ்வாரங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். தெரு பனியில் மூடிக்கிடந்தாலும் அதன் கீழ் நடந்து போகலாம். மலைக்கு உள்ளே ஷிரகாவா, கோக்காயாமா ஊர்களில் கூரைகள் கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அந்த உயரமான கூரைக்குள் பல அடுக்குகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்கு அடியில் வெடியுப்பு விளைவித்தார்கள். நெல்லுக்கு நிலம் போதாத ஊர்களுக்கு வருமானம் அதுதான். 1995இல் இவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. நீகாட்டாவின் எச்சிகோ நார்த்துணியும் பனியின் கொடைதான். காற்றில் ஈரம் இருப்பதால் மெல்லிய இழை அறாமல் தறியில் ஓடும். நெய்த துணியைப் பனிப்பரப்பின்மேல் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள். வயலில் வேலை இல்லாத நீண்ட குளிர்மாதங்களில் பெண்கள் காத்த கைத்தொழில் இது. கவாபாட்டா யசுனாரியின் புகழ்பெற்ற ‘பனிநாடு’ நாவல் நிகழ்வது இந்த மண்ணில்தான். 1931இல் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் திறந்த பிறகே டோக்கியோ இதற்குப் பக்கத்து ஊரானது.

மழை குறைந்த உள்நாட்டுக் கடற்கரை

ஹொன்ஷூவுக்கும் ஷிகொக்குவுக்கும் இடையிலுள்ள செட்டோ உள்நாட்டுக் கடலின் நிலைமை நேர்மாறு. இருபுறமும் மலைகள் மறைப்பதால் மழை குறைவு. ஷிகொக்குவின் ககாவா மாகாணத்தில் பேராறு எதுவும் இல்லை. ஏரிகளே விவசாயத்தைத் தாங்கின. ஆயிரக்கணக்கான அந்த ஏரிகளில் பெரியது மன்னோ. உடைந்துபோன அதன் கரையை 821இல் சீர்செய்தவர் கூக்காய் என்ற பௌத்தத் துறவி. அவர் நிறுவிய ஷிங்கோன் மரபின் ஆசான் வரிசையில் இடம்பெறும் வஜ்ரபோதி, காஞ்சிபுரத்தோடு தொடர்புடையவராகச் சீன நூல்கள் குறிப்பிடும் துறவி. கூக்காயின் நினைவாக ஷிகொக்குவைச் சுற்றி 88 கோயில்களுக்குச் செல்லும், சுமார் 1,200 கி.மீ. நீளமுள்ள யாத்திரை இன்றும் நடக்கிறது.

வறண்ட நிலம் சமையலையும் தீர்மானித்தது. நெல் அறுத்த வயலில் கோதுமை விதைத்தார்கள். கடலோரத்தில் உப்பு காய்ச்சினார்கள். ஷோடோ தீவில் சோயா சாறும் இபுக்கி தீவில் நெத்திலிக் கருவாடும் கிடைத்தன. இவை நான்கும் சேர்ந்த ஊடோன் நூடுல்ஸ்தான் ககாவாவின் அடையாளம்.

கிழக்கும் மேற்கும்

டோக்கியோ உள்ள கான்டோ வட்டாரமும் ஒசாகா, கியோட்டோ, நாரா உள்ள கான்சாய் வட்டாரமும் இன்றுவரை ஒன்றையொன்று அளந்து பார்த்துக்கொள்பவை. கியோட்டோ 794 முதல் 1868 வரை பேரரசரின் தலைநகர். அதிகாரம் கிழக்கே போனாலும் நளினம் தன்னிடம்தான் என்ற பெருமை அதற்குண்டு. புத்தாண்டு அரிசிக் கொழுக்கட்டை கிழக்கே சதுரம், மேற்கே உருண்டை. மின்சாரத்திலும் பிளவு உண்டு: தொடக்க காலத்தில் டோக்கியோ ஜெர்மானிய இயந்திரங்களையும் ஒசாகா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கியதால், கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்றே நிலைத்துவிட்டது. 2011 மார்ச் பூகம்பத்துக்குப் பின் கிழக்கு இருளில் தவித்தபோது, மேற்கிலிருந்து சிறிதளவு மின்சாரமே அனுப்ப முடிந்தது.

கொன்புக் கடல்வழி

மலை பிரித்த வட்டாரங்களைச் சேர்த்தது ஜப்பான் கடலின் கப்பல் போக்குவரத்து. 1672இல் கவாமுரா சுய்கென் என்ற வணிகர் சீரமைத்த மேற்குக் கடல்வழி, வட ஹொன்ஷூவின் அரிசியை ஒசாகாவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் அதே வழியில் கித்தமாயே கப்பல்கள் அன்று எசோ எனப்பட்ட ஹொக்கைடோ வரை ஓடின. ஒசாகாவிலிருந்து உப்பு, மது, பருத்தித் துணி, பழந்துணி வடக்கே போயின. வடக்கிலிருந்து காய்ந்த ஹெர்ரிங் மீனுரமும் கொன்பு என்னும் தடித்த கடற்பாசியும் வந்தன. மீனுரம் மேற்கு ஜப்பானின் பருத்தி, அவுரி வயல்களுக்குப் போயிற்று. கொன்பு கான்சாய் அடுப்பில் தெளிந்த சாறாகியது. நுணுக்கமான ஜப்பானியச் சுவை என்று உலகம் கொண்டாடுவதன் அடிப்படை இந்தச் சாறுதான். கொன்பு இன்னும் தெற்கே, கியூஷூவின் சத்சுமா ஆட்சிப்பகுதி வழியாக, ஒகினாவாவையும் சீனத்தையும் எட்டியது. ஒரு துண்டு கொன்புகூட விளையாத ஒகினாவாவில் பன்றி இறைச்சியோடு அதை வதக்கி உண்பது வீட்டுச் சமையல்.

இந்தக் கடல்வழியின் இரு முனைகளிலும் இருந்தவர்கள், தங்களைத் தனி மக்களாகக் கருதியவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வடக்கே ஐனு மக்கள். மீன்பிடித் துறைகளைக் குத்தகைக்கு எடுத்த வணிகர்கள் அவர்களைக் கடுமையாக வேலை வாங்கினர். அந்த உழைப்பில்தான் மீனுரம் கப்பலேறியது. 1869இல் எசோவுக்கு ஹொக்கைடோ என்று புதுப்பெயர் வைத்துக் குடியேற்றம் தொடங்கியபின் ஐனுக்களின் நிலமும் மொழியும் நசிந்தன. சப்போரோ முதலிய ஊர்ப்பெயர்களில் மட்டும் அம்மொழி அன்றாடம் ஒலிக்கிறது. அவர்களைப் பூர்வகுடிகள் என்று நாடாளுமன்றம் தீர்மானம் இயற்றியது 2008இல். சட்டம் அதை ஏற்றது 2019இல். ஷிராவோய் ஊரில் ஐனு தேசிய அருங்காட்சியகம் 2020இல் திறக்கப்பட்டது.

தெற்கே ரியூக்கியூ அரசு. 1429இல் ஒன்றுபட்டு, சீனத்தோடும் தென்கிழக்காசியாவோடும் வணிகம் செய்து செழித்த இவ்வரசு, 1609இல் சத்சுமாவுக்குப் பணிந்தது. 1879இல் ஒகினாவா மாகாணமாக்கப்பட்டது. தாய்லாந்து அரிசியில் வடிக்கும் அவமோரி மதுவும் பாம்புத்தோல் போர்த்திய மூன்று நரம்பு சன்ஷின் இசைக்கருவியும் அந்தப் பழைய தொடர்புகளின் எச்சங்கள். 1945 போரில் அரசர்களின் ஷூரி கோட்டை தரைமட்டமானது. தீவு 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1992இல் மீண்டும் எழுப்பிய கோட்டையின் முதன்மை மண்டபம் 2019 அக்டோபரில் தீக்கிரையானது. மறுகட்டுமானம் உடனே தொடங்கவில்லை என்றாலும், அதற்கான நன்கொடை தீவின் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வந்து குவிந்தது.