முதுகில் புண் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள்

சென்னை ராஜதானியில் நர்ஸ் வேலைக்கான முறையான பயிற்சி முதலில் பிரசவ வார்டில்தான் தொடங்கியது. இன்று எழும்பூரில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் உருவானது. 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி வந்தது. 1871-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பள்ளி. நெடுங்காலம் அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும்தான். மற்ற வீடுகளில், முன்பின் தெரியாத ஆண்களின் உடம்பைத் தொடுவதும் ராத்திரி வெளியே தங்குவதும் மானப் பிரச்சினை. எழுபதுகளில் நான் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தபோதுகூட, "பீ மூத்திரம் அள்ளவா பொண்ணப் படிக்க வெச்ச?" என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டார்.

வேலூரில் கதை வேறு. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் திரும்பினார். 1909-ல் அங்கே நர்ஸ் பள்ளி தொடங்கியது. 1946-ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது அதே ஆண்டுதான். இடையில் 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. படித்தவள், படிக்காதவள் என்ற வித்தியாசம் அன்றைக்குத்தான் காகிதத்தில் ஏறியது. பதிவு எண் வாங்கிய அன்று எனக்கு ஏற்பட்ட பெருமை முதல் சம்பளத்தில்கூட வரவில்லை.

எங்கள் காலத்தில் கையால் செய்யும் வேலை அதிகம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்போம். முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, பஞ்சில் இழுத்துப் பார்ப்போம். இழை சிக்கினால் மறுபடியும் தீட்ட வேண்டும். நைட் டியூட்டியில் கண் சொக்கும்போது காஸ் துணியை மடித்து டிரம்மில் அடுக்குவோம்.

ஆனால் நர்ஸுக்கு மனசு நிறைவது பேக் கேர் என்கிற முதுகுப் பராமரிப்பில்தான். பக்கவாதம் வந்து அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது. முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, ஸ்பிரிட் தடவி, பவுடர் போடுவோம். இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒரு மாதம் அப்படிக் கிடந்தவர் படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லாமல் வீட்டுக்குப் போனால், அது முழுக்க நர்ஸின் கைவேலை. டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வார்டில் எங்களுக்குத் தெரியும்.

அந்த வேலைக்கு ஆள் வேணும். பயிற்சி ஆஸ்பத்திரியில் மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸ், பொது ஆஸ்பத்திரியில் ஐந்து படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நான் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் நைட்டில் ஒருத்தி அறுபது பேரைப் பார்த்தாள். ஊசியும் மாத்திரையும் கொடுத்து முடிக்கவே விடிந்துவிடும். யாரையும் புரட்ட நேரமில்லை. புண் வந்த பிறகு கட்டுப் போடுவதுதான் மிச்சம். கால் வலியோடு வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வரும். செய்யாமல் விட்டதை நினைத்தால் தூக்கம் வராது.

பிறகு வந்தது தொகுப்பூதியம். 2015-ல் தேர்வெழுதித் தேர்வாகி வந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நோயாளியை விட்டுவிட்டு வந்ததாகப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபமே வரவில்லை. நிரந்தர வேலையும் அதற்கேற்ற சம்பளமும்தான் அவர்கள் கேட்டது. எங்கள் தலைமுறைக்கு அவை பணியில் சேரும்போதே கிடைத்தன. அதனால்தான் பேக் கேர் பற்றி மட்டும் கவலைப்பட எங்களால் முடிந்தது.