சிறுதொழில் ஆதரவுச் சேவைகளின் தரம்: எதை அளப்பது?

வளரும் நாடுகளில் சிறுதொழில் முனைவோருக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் திட்டங்களின் அறிக்கைகளில் இரண்டு கணக்குகள் தவறாமல் இடம்பெறும்: வந்தவர் எத்தனை பேர், அவர்களுள் மனநிறைவு தெரிவித்தவர் எத்தனை பேர். இவை சேவையின் தரத்தைச் சொல்வதில்லை. இலாப உயர்வும் தனித்து நின்றால் சொல்வதில்லை. சேவை பெற்றவரின் தொழில் நடைமுறையில் நேர்ந்த, நேரில் பார்த்து உறுதிசெய்யக்கூடிய மாற்றத்தை மையமாக வைத்தே தரத்தை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பரசுராமன், ஜைதாமல், பெர்ரி ஆகியோர் 1988இல் வெளியிட்ட 'செர்வ்குவால்' அளவுகோல், வாடிக்கையாளரின் எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியை 22 கூற்றுகளால் அளக்கிறது. வங்கி போன்ற பழகிய சேவைக்கு அது பொருந்தும். முன்பின் தொழில் ஆலோசகரையே பார்த்திராத தையற்கடைக்காரருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இலவச வகுப்பு, மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்றால் மதிப்பெண் தாராளமாகவே விழும்.

இலாபத்தை அளப்பதில் வேறு சிக்கல். சிறுகடைகளில் கணக்கேடு அரிது. டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் மூவரும் 2009இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு, தொழில் நடத்துவோர் விற்பனை வருவாயைச் சுமார் 30 விழுக்காடு குறைத்துச் சொல்வதாக மதிப்பிட்டது. எண் சரியாகவே கிடைத்தாலும், இலாபம் ஏறாததற்குப் பயிற்சி காரணமா, தடை வேறிடத்திலா என்பதை அது பிரித்துக் காட்டாது.

அதே மூவர் 2014இல் வெளியிட்ட இன்னோர் இலங்கை ஆய்வு என் வாதத்துக்கு எதிரானதுபோலத் தோன்றும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற்ற பெண்களில், ஏற்கெனவே தொழில் நடத்திவந்தோரிடம் நடைமுறை ஓரளவு மாறியது, இலாபம் நகரவில்லை. பயிற்சியோடு பண மானியமும் பெற்றவர்களின் இலாபம் முதல் எட்டு மாதங்களில் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் மறைந்தது. ஆனால் பாடம் போய்ச் சேர்ந்தது என்பதும், அந்தப் பாடம் மட்டும் போதவில்லை என்பதும் நடைமுறையை அளந்ததால்தானே தெரிந்தது? டொமினிக்கன் குடியரசில் டிரெக்ஸ்லர், பிஷர், ஷோர் நடத்திய ஆய்வு (2014) இதன் மறுபக்கம். முறையான கணக்கியல் பாடம் கேட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் வெவ்வேறு இழுப்பறையில் வை என்பது போன்ற எளிய விதிகளைக் கற்றவர்களிடம் நடைமுறை மேம்பட்டது. இலங்கையில் குறை, தேவைக்கும் பாடத்துக்கும் உள்ள பொருத்தத்தில். டொமினிக்கன் குடியரசில், கணக்கியல் பாடத்தைக் கற்பித்த முறையில். இலாபத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே தோல்வியாகத் தெரியும்.

நடைமுறையை அளக்க முடியுமா என்ற ஐயத்துக்கு மும்பையை அடுத்த துணி ஆலைகளில் நிக்கலஸ் புளூம் குழுவினர் நடத்திய ஆய்வு (2013) விடை தருகிறது. பழுது நாள்தோறும் பதிவாகிறதா, நூல் இருப்புக்குக் கணக்கு உண்டா, தறி நின்ற நேரம் குறிக்கப்படுகிறதா என 38 நடைமுறைகளை ஆலைக்குள்ளேயே பார்த்துக் குறித்தார்கள். ஆலோசனை பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டில் 17 விழுக்காடு உயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனபோது, புதிதாகக் கைக்கொண்ட நடைமுறைகளில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆயினும் நடைமுறைகளில், ஆலோசனை பெறாத ஆலைகளைவிட ஆலோசனை பெற்றவை முன்னிலையிலேயே இருந்தன. ஆகவே ஒருமுறை அளந்தால் போதாது.

இப்படியொரு நடைமுறைப் பட்டியலை வைத்துப் பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுத்தால் ஆய்வாளர் வரும் நாளுக்காக ஏடுகள் நிரப்பப்படும் என்பது நியாயமான மறுப்பு. அதனால் ஏடு இருக்கிறதா என்று கேட்காமல், இருப்புக் கணக்கைப் பார்த்துத்தான் கடைசிக் கொள்முதல் நடந்ததா என்று சரிபார்க்க வேண்டும். எல்லோரையும் போய்ப் பார்ப்பது செலவு. மாதிரிக்குச் சிலரை முன்னறிவிப்பின்றிப் பார்த்தால் போதும். நிதி வழங்குவோர் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஓராண்டுக்குப் பிந்தைய இந்தச் சோதனையின் அடிப்படையில் விடுவிக்கலாம். அப்போது வகுப்பு முடிந்த நாளோடு பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடாது.