சந்திரகிரி ராஜமகாலும் பழைய வீடுகளின் மதிப்பும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. அவ்வேங்கடத்தின் அடிவாரத்திலேயே வேலையின் பொருட்டுக் குடியேறி வாழும் நாம், மலைமேல் எழுந்தருளியுள்ள பெருமாளை அறிந்த அளவுக்கு மலையைச் சூழ்ந்துள்ள ஏனைய தொன்மைகளை அறிந்தோம் இல்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் திருமலை, திருச்சானூர், திருக்காளத்தி ஆகிய மூன்றிடங்களுக்கு அழைத்துச் செல்கிறோம். நாள் மிஞ்சினால் கபில தீர்த்தம். திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாகாலா வழியாகச் சித்தூர் செல்லும் இருப்புப்பாதையில் சந்திரகிரி இருக்கிறது. அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையை நம்மில் பலர் நூறு முறையேனும் கடந்திருப்போம். இறங்கிப் பார்த்தவர் சிலரே.

அவ்வாறு இறங்கிக் கோட்டைக்குள் செல்பவர்க்கு முதலில் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலேயருக்குச் சென்னப்பட்டினத்தை வழங்கிய சாசனம் இந்த ராஜமகாலில்தான் கையெழுத்தாயிற்று என்பதே அது. கேட்கும் நமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. சென்னை நம் தலைநகரம். அது பிறந்த இடம் நாம் குடியிருக்கும் ஊருக்கு அருகில் என்றால் பெருமை இல்லாமற் போகுமா? ஆயினும் இச்செய்தி செவிவழியாக வருவதேயன்றி உறுதியான சான்றின்மேல் நிற்பதன்று. 1639ஆம் ஆண்டு பிரான்சிஸ் டே என்னும் கம்பெனி அலுவலர் முதலில் உரிமை பெற்றது தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம். அவர் வந்தவாசிப் பகுதியை ஆண்டவர்; அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்தார். இவ்விருவரின் தந்தையாகிய சென்னப்ப நாயக்கரின் பெயரே சென்னப்பட்டினத்துக்கு வாய்த்தது. விஜயநகர மரபின் கடைசி அரசரான ஸ்ரீரங்க ராயர் அவ்வுரிமையை உறுதிசெய்து பட்டயம் கொடுத்தது 1645இல். ஆக, முதல் உரிமையை ஈந்தது நாயக்கரின் கை. அரசரின் முத்திரை பின்னர் விழுந்தது. இந்த மகாலின் இந்த அறையில் இந்த இடத்தில் என்று விரல் நீட்டிக் காட்டுவது, கேட்போரின் மகிழ்ச்சிக்காகச் சேர்ந்துகொண்ட அணி என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் ராஜமகாலின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். குறையாது என்பதே நம் கருத்து. சொல்லப்போனால், அந்தக் கையெழுத்துக் கதையை ஒதுக்கி வைத்த பிறகுதான் அக்கட்டடம் நம் கண்ணுக்கு நேராகத் தெரியத் தொடங்குகிறது.

சந்திரகிரியின் அரசியல் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கோட்டை யாதவராயர்கள் காலத்தது என்பது மரபு. சந்திரகிரியை ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485ஆம் ஆண்டில் விஜயநகரத்து அரியணையையே கைப்பற்றினார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு வீழ்ந்தது. அரச குடும்பத்தார் ஹம்பியை விட்டுப் பெனுகொண்டாவுக்கு ஓடினர். 1586 முதல் 1614 வரை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயர் சந்திரகிரியைத் தலைநகராக்கினார். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அது கோல்கொண்டா சுல்தானின் வசமாயிற்று. பின்னர் ஆர்க்காட்டு நவாபு, 1782இல் ஹைதர் அலி, 1792க்குப் பிறகு ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் கோட்டைக்குள் ஏதேனும் இடிந்தது. ராஜமகால் மட்டும் நின்றது. ஏன் நின்றது என்பதுதான் கேட்கத்தக்க வினா.

நாம் கட்டடக்கலை பயின்றவர் அல்லோம். அலுவலகத்துப் பதிவேடுகளில் கட்டடங்களின் வயதையும் செலவையும் தேய்மானத்தையும் எழுதிப் பழகியவர். ஆயினும் கண்ணால் கண்டதைச் சொல்வதற்குத் தடையில்லை.

ராஜமகால் மூன்று நிலைகளை உடையது. கருங்கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகிய இவற்றாலேயே ஆனது. தூலமோ உத்திரமோ விட்டமோ மரத்தால் ஒன்றும் இல்லை. மேல்தளங்களைத் தாங்குவன யாவும் வளைவுகள். ஒரு வளைவு தன் பாரத்தைப் பக்கத்து வளைவின் தோளில் சாய்க்கிறது. அது அடுத்ததற்குத் தள்ளுகிறது. கடைசியில் அகன்ற புறச்சுவர் அத்தனையையும் வாங்கி நிலத்தில் இறக்குகிறது. மரம் இல்லாமையால் கறையானுக்கு அங்கே வேலையில்லை, தீக்கும் இரையில்லை. மைசூரின் பழைய மர அரண்மனை 1897இல் ஒரு திருமணத்தின்போது தீப்பற்றி அழிந்ததை எண்ணிப் பார்த்தால், சந்திரகிரிக் கொத்தர்களின் முன்னறிவு விளங்கும். நடுவில் உள்ள கொலுமண்டபம் இரண்டு நிலைகளின் உயரத்துக்கு எழும்புகிறது. சுற்றிலும் நடைகள். சித்திரை வெயிலில் கோட்டை வெளியில் கால் வைக்க இயலாத நண்பகலிலும் அந்த நடைகளில் நின்றால் உடம்பு குளிர்கிறது. சுவரின் தடிப்பும் காற்று புகும் வளைவுகளுமே அதற்குக் காரணம். வேறு மாயம் இல்லை.

முகப்பைப் பாருங்கள். நிலைதோறும் கூர்முனை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. இவை சுல்தான்களின் நாட்டிலிருந்து வந்த வடிவம். உச்சியை நோக்கினால் நம் கோயில் விமானங்களைப் போல் அடுக்கடுக்காய்க் குறுகிச் செல்லும் கோபுரங்கள். கீழே தக்காணத்து மசூதியின் வளைவு, மேலே தென்னாட்டுக் கோயிலின் சிகரம். இவ்விரண்டும் ஒட்டுப்போட்டாற் போல் இல்லாமல் ஒரே உடம்பின் உறுப்புகளாக அமைந்திருப்பதுதான் வியப்பு. போர்க்களத்தில் சுல்தான்களோடு பொருத அரசர்கள், வீடு கட்டும்போது அவர்களுடைய கொத்தர்களின் கலையை வெறுக்கவில்லை. ஹம்பியில் உள்ள தாமரை மகாலில் இக்கலப்பை முன்னரே காணலாம். சந்திரகிரியில் அது பெரிதாகவும் உறுதியாகவும் வளர்ந்திருக்கிறது. அருகில் உள்ள ராணிமகால் இரண்டே நிலைகள் உடைய சிறு கட்டடம். அதன் கீழ்நிலை திறந்த வளைவுகளாக இருப்பதால் அதைக் குதிரை லாயம் என்பாரும் உளர். அதைப்பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இனி, இந்த ராஜமகாலை ‘இந்தோ-சாரசெனிக்’ பாணிக் கட்டடம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் இந்தியக் கட்டட உறுப்புகளைத் தொகுத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது வழக்குக்கு வந்த பெயர். அதைக் கொண்டு சந்திரகிரியைக் குறிப்பது, பேரன் பெயரால் பாட்டனை அழைப்பது போன்றது. சந்திரகிரியில் இருப்பது மூலம். சென்னையில் நாம் காண்பது அத்தகைய மூலங்களைப் பார்த்துப் புதுப்பித்த பாணி. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல முடியும்.

அப்புதுப்பித்தலைச் சென்னையில் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் சிஷோம். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடச் செய்தபோது அப்பணியில் ஈடுபட்டவரும் இவரே. சேப்பாக்கத்தில் நவாபின் அரண்மனையோடு கோபுரத்தையும் வருவாய்த்துறைக் கட்டடத்தையும் இணைத்தார். 1879இல் முடிவுற்ற பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் அமைத்தார். சந்திரகிரியின் பழைய அரண்மனையைப் பற்றி ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி இதழில் அவர் எழுதியது 1883இல். ஆண்டுகளைக் கவனித்தால், சந்திரகிரியைப் பார்த்துத்தான் சேப்பாக்கம் கட்டப்பட்டது என்று சொல்ல இயலாது என்பது தெளிவு. ஆனால் இந்நாட்டுக் கொத்தனிடம் கற்றுக்கொள்ளத் தக்கது உண்டு என்று நம்பிய ஒரு கட்டடக் கலைஞர், மதுரைக்குப் போனது போலவே சந்திரகிரியையும் தேடிச் சென்றார் என்பதே போதிய செய்தி.

சிஷோமுக்குப் பின் வந்த ஹென்றி இர்வின் நம்மவர்க்கு இன்னும் நெருக்கமானவர். நாம் ஊர் போகும் வழியில் இறங்கும் எழும்பூர் நிலையம் அவர் வரைந்தது, 1908இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. தீயில் அழிந்த மைசூர் அரண்மனைக்கு மாற்றாக எழுந்த இன்றைய அரண்மனையும் இர்வினுடையதே. அவர் எழும்பூரில் கட்டிய மற்றொன்று, அருங்காட்சியக வளாகத்தில் 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம். பதேபூர் சிக்ரியை நினைவூட்டும் அம்மண்டபத்தின் இளஞ்சிவப்புக் கல் எங்கிருந்து போயிற்று தெரியுமா? சத்தியவேட்டிலிருந்து. அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு 1960ஆம் ஆண்டு எல்லைத் திருத்தத்தில் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்துக்கு வந்தது. அதே திருத்தத்தில் திருத்தணி நம்மிடமிருந்து சென்னை மாநிலத்துக்குச் சென்றது. 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது சத்தியவேடு அதனுள் அடங்கிற்று. எல்லைக்கோடு எங்கே நகர்ந்தாலும் கல் எழும்பூரில்தான் இருக்கிறது.

இப்பெரிய கட்டடங்களின் சாயல் மெல்ல மெல்லச் சிற்றூர்க்காரர் வீடுகளிலும் இறங்கிற்று. வக்கீல்களும் வணிகர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் ஊருக்கு வெளியே மனை வாங்கிக் கட்டிய வீடுகளில் திண்ணை மறைந்து, வளைவுகள் வைத்த தாழ்வாரம் முன்னே வந்தது. கைபிடிச்சுவரின் நடுவில் சுதையால் கஜலட்சுமி, அதன்கீழ்க் கட்டிய ஆண்டு, இரு மூலைகளிலும் குடை போன்ற சிறு கும்பங்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் பழைய தெருக்களில் நடப்பவர் இத்தகைய வீடுகளை இன்றும் காணலாம். ஆனால் விரைந்து நடக்க வேண்டும். சென்ற ஆண்டு நம் குடியிருப்புக்குப் போகும் வழியில் அப்படி ஒன்று இடிக்கப்பட்டது. தேக்கு உத்திரங்களை விலைபேச மூவர் வந்தனர். வளைவுகளை விலைபேச ஒருவரும் இல்லை. அவை அடுத்த மனையின் பள்ளத்தை நிரப்பின. ‘அந்த வீட்டில் யார் இருந்தார்கள், காந்தி வந்து தங்கினாரா, என்ன சரித்திரம்?’ என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். சந்திரகிரியில் கையெழுத்தைத் தேடும் கண்ணும் இதுவே.

பெரியவர் ஒருவர் தங்கிய வீடு போற்றத்தக்கதே. ஆனால் அஃது அம்மனிதரின் மதிப்பு. வீட்டின் மதிப்பு வேறு. வீட்டை வீடாக எடைபோட வேண்டுமானால் சந்திரகிரியில் கண்டதை அளவுகோலாகக் கொள்ளலாம். முகப்பில் காணும் வளைவு பாரம் தாங்குகிறதா, அன்றிச் சுவரில் வரைந்த கோலமா? கூரை எதனால் ஆனது? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் தளம். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் பரப்பி, மேலே தட்டோடு பதிப்பார்கள். கோடையில் இதன்கீழ்ப் படுத்தவர்க்குக் கான்கிரீட்டின்கீழ் உறக்கம் கொள்ளாது. ஆனால் சந்திரகிரியின் வளைவுக்கூரைக்கு இல்லாத குறை இதற்கு உண்டு. மரக்கட்டையின் முனை சுவருக்குள் ஈரம் வாங்கி உளுத்தால் தளமே இறங்கிவிடும். ஆகையால் கட்டை முனைகளைத் தட்டிப் பாராமல் இத்தகைய வீட்டைப் புகழ்வதும் பிழை, இடிப்பதும் பிழை. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிப் பூச்சைப் பெயர்க்கும். நல்லெண்ணத்தோடு செய்த இத்தகைய செப்பத்தால் கெட்ட வீடுகள், பராமரிப்பின்றிக் கெட்டவற்றைவிடக் குறைவல்ல.

சாயல் என்பதற்காகவே அவ்வீடுகளை இகழ்வாரும் உளர். சென்னையைப் பார்த்துச் செய்த நகல்தானே என்பர். நகலெடுத்த கொத்தன் தன் ஊர்க் கல்லுக்கும் மழைக்கும் ஏற்ப எங்கே மாற்றினான் என்று பார்த்தால் அந்த இகழ்ச்சி பாதி கரைந்துவிடும். எழும்பூர் நிலையமும் நகல்தான். அதை இடிக்க யாரும் சொல்லார்.

சட்டம் இவ்வீடுகளுக்குப் பெரிதும் துணை நிற்பதில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கட்டடத்தையே பழஞ்சின்னமாகக் கருதும். அதிலும் தேசிய முக்கியத்துவம் உடையதென அறிவிக்கப்பட வேண்டும். ராஜமகாலுக்கு அந்தக் காப்பு உண்டு. 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும். தெருவோரத்துத் தனியார் வீட்டுக்கு உரிமையாளரின் மனமே காப்பு. அவர்மீதும் முழுப் பழியைச் சுமத்துவது முறையன்று. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டிய மனையில் வளைவுத் தாழ்வாரத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இடிப்பது தவிர்க்க முடியாததாயின், அதற்கு முன் வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, முகப்பையும் கூரையையும் நிழற்படம் எடுத்து, கட்டிய ஆண்டையும் கொத்தனார் பெயர் தெரிந்தால் அதையும் குறித்து வைக்கலாம். நம் சங்கத்தில் படம் வரையத் தெரிந்த இளைஞர் பலர் இருக்கின்றனர். ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினால் அதற்கு ஆகும் செலவு சொற்பமே.

அதற்குமுன் எல்லோரும் ஒருமுறை ராஜமகாலைப் பார்த்து வருவது நலம். 1980களின் இறுதியில் தொல்லியல் துறையார் அதில் அருங்காட்சியகம் அமைத்தனர். குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி முதலிய இடங்களின் சிற்பங்களை அங்கே காணலாம். சிற்பங்களைப் பார்த்து முடித்ததும் பிள்ளைகளை அப்படியே அண்ணாந்து கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.